சாட்சிக்குப் போன ஹெட்போன்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒன்றரை நாள் எனக்கு இடது காது செவிடாக இருந்தது. காதில் ஒரு கோளாறும் இல்லாமலேயே இருந்தது. அதற்குத் தனித் திறமை வேண்டும், அது என்னிடம் தாராளமாக இருந்தது. இப்போது எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, தொப்பை போன வருஷமே அதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கும் லேசாகத் தலை வலித்தால் மூளைக்கட்டி என்று முடிவுகட்டி, உயில் எழுதுமளவுக்கு ஒன்றும் சேர்க்கவில்லையே என்று கவலைப்படுகிற ஆள்தான் நான். ஆனால் அந்த ஒன்றரை நாளில் பயந்த மாதிரி அதற்குப் பிறகு பயந்ததில்லை. சொந்த சாதனையைச் சொந்தக்காரனாலேயே முறியடிக்க முடியவில்லை.

2004 பொங்கலுக்கு முந்தின வாரம். கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை, நான் என்று நான்கு பேர். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அப்பா காண்ட்ராக்டில் கம்ப்ரசர் ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக அதே மிஷின், அதே இடம். மிஷினின் பெயரை அப்பா சொல்லும் விதத்தைப் பார்த்தால் அது எங்கள் வீட்டு ஐந்தாவது ஆள் என்று தோன்றும்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் நான் பம்பரத்துக்குச் சாட்டை திரித்துக்கொண்டிருந்தேன். "டேய்" என்று கூப்பிட்டார். "இதோ வரேம்பா" என்றேன். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தெருவுக்கே கேட்கிற மாதிரி "வரேம்ப்பா" என்றேன். அப்பா எழுந்து வந்தார். நேராக இடது கன்னத்தில் ஒன்று விட்டார். காதையும் சேர்த்துத்தான்.

"கூப்ட்டா வாயத் தொறந்து பதில் சொல்ல மாட்டியா? அவ்ளோ ஏத்தமா உனக்கு?"

மூன்று தடவை பதில் சொன்னவனைப் பதில் சொல்லவில்லை என்று அடித்தால் அவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? சோற்றுக்கு எதிராகப் போராட்டம் நடத்தினேன். இரண்டு தோசை வரை சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாவது தோசைக்கு அம்மா தக்காளிச் சட்னி வைத்தாள், போராட்டம் வாபஸ் ஆனது.

மறுநாள் ஞாயிறு. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அம்மா என்னைப் பரண்மேல் ஏற்றினாள். ஓட்டைக் குடம், கால் உடைந்த முக்காலி, யாரோ கல்யாணத்தில் கொடுத்த சுவர்க்கடிகாரம், இவற்றுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் அப்பாவின் பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தது அந்த ஹெட்போன். அதுவரை நான் பார்த்த ஹெட்போன் எல்லாம் காதுக்குள் அடைக்கிற பட்டாணி சைஸ்தான். இது இரண்டு கொட்டாங்கச்சியை வளைத்த தகட்டில் மாட்டிய மாதிரி இருந்தது. கறுப்பு நிறம், காதில் படுகிற இடத்தில் தோல் மெத்தை, பழைய டெலிபோனுக்கு இருப்பது போலச் சுருள் சுருளான வயர், சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பின். தூக்கிப் பார்த்தால் அரைக் கிலோ கத்திரிக்காய் கனம்.

அது எப்படி வீட்டுக்கு வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா சிதம்பரத்தில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தார். ஜனங்கள் வேண்டிய பாட்டையெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அதை வரிசையாகக் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பது அவர் வேலை. டேப் ஒரு நூல் அளவு வேகமாக ஓடினாலும் அப்பா காதுக்குத் தெரிந்துவிடுமாம். கடையை மூடியபோது முதலாளி இந்த ஹெட்போனை அவர் கையில் கொடுத்து அனுப்பினார். கூடவே ஒரு கட்டளையையும் கொடுத்து அனுப்பினார். 'எல்' என்று போட்டிருப்பது இடது காதுக்கு, 'ஆர்' என்று போட்டிருப்பது வலது காதுக்கு. மாற்றி மாட்டினால் உள்ளே இருக்கிற 'காயில்' என்ற கம்பிச்சுருள் எரிந்துவிடும்.

அப்படியெல்லாம் ஒன்றும் எரியாது என்பது எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கடை வேலையாட்கள் ஹெட்போனைப் பார்த்து மாட்டட்டும் என்று முதலாளி கட்டிவிட்ட கதை, எங்கள் வீட்டில் சட்டமாகவே ஆகிவிட்டது.

கூடத்து டேப் ரிக்கார்டரில் அந்தத் தடிப்பின் கச்சிதமாகச் சேர்ந்தது. அப்பா கடைக்குப் போயிருந்தார். 'எல்' இடது, 'ஆர்' வலது என்று இரண்டு தடவை சரிபார்த்து மாட்டிக்கொண்டு, கேசட்டைப் போட்டு, பட்டனை அழுத்தினேன்.

வலது காதில் வயலின்கள் எழுந்து வந்தன. இத்தனை நாள் டேப்பின் தொண்டையில் சளி கட்டிக்கொண்டிருந்தது போலவும் இப்போதுதான் கரைந்தது போலவும் அத்தனை சுத்தம். பாடகி மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. இடது காதில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். வலது காது வெடித்தது. இடது காதில் கிணற்றடி அமைதி.

சனிக்கிழமை அறை நினைவுக்கு வந்தது. இடது கன்னம். இடது காது. ஜவ்வு கிழிந்துவிட்டது!

விஞ்ஞானப்பூர்வமாகச் சோதிப்போம் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு இடது காதோரம் சொடக்குப் போட்டேன். கேட்டது. ஆனால் அதைக் கேட்டது எந்தக் காது? வலது காது அந்தப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம் அல்லவா? எனவே வலது காதில் ஆள்காட்டி விரலை விட்டு அடைத்துக்கொண்டு மறுபடியும் சொடக்குப் போட்டேன். விரல் அடைத்த காதில் 'ஊ' என்று இரைந்த இரைச்சலில் சொடக்கு மங்கிப்போயிற்று. முடிந்தது கதை. மாற்றி மாட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். காயில் எரிந்துவிடுமே! காது போன நேரத்திலும் சட்டத்தை மதித்த குடிமகன் நான்.

"அத்தே! எனக்குக் காது போச்சு!"

அத்தை சமையலறையில் இருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "எந்தக் காதுடா?"

"இந்தக் காது. ஒண்ணுமே கேக்கல."

"ஐயையோ, நேத்து அடிச்சானே, அந்தப் பக்கம்டி!" என்று அம்மாவைப் பார்த்து அலறினாள். அலறியதோடு நிற்கவில்லை. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஒரு கரண்டி என் இடது காதில் ஊற்றி, மேலே பஞ்சையும் வைத்து அடைத்தாள். அதுவரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது அந்த நிமிஷத்திலிருந்து நிஜமாகவே கேட்கவில்லை.

அப்பா வந்தபோது வீட்டில் எழவு விழுந்த அமைதி. அம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. நேரே போய் ஹெட்போனை எடுத்தார். தோல் மெத்தையைத் துடைத்தார். பழைய தொழில்காரர் மாதிரி ஒரே வீச்சில் தலையில் மாட்டி, கண்ணை மூடி, ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெட்போன் கெட்டிருக்க வேண்டுமே என்று அம்மா வாய்க்குள் முணுமுணுத்தது எனக்கு ஒற்றைக் காதிலேயே கேட்டது.

அப்பா கழற்றினார். "நல்லாத்தான் பாடுது" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு."

ரிக்கார்டிங் சென்டர்காரர் சொன்ன பிறகு அதற்கு மேல் அப்பீல் இல்லை. ஹெட்போனில் கோளாறு இல்லையென்றால் கோளாறு என்னிடம்தான். அப்பா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். அம்மாவும் அதைத்தான் பார்த்தாள்.

"ஒத்தப் புள்ள காத ஒடச்சிட்டு, ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்குன்றீங்களே" என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

அன்றைக்கு நான் வாழ்க்கையைத் திட்டமிட்டேன். ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். பள்ளியில் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிடுவார்கள். கடைசி பெஞ்சை விட்டுப் பிரிய வேண்டும் என்று தோன்றியதும்தான் அழுகை வந்தது. ராணுவத்துக்குக்கூட நான் அழவில்லை.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். கீழ வீதியில் அவருக்குத் தெரிந்த காது டாக்டர் ஒருவர் இருந்தார், அந்தக் காலத்தில் ரிக்கார்டிங் சென்டருக்குப் பாட்டுச் சீட்டோடு வந்தவர். கிளம்பும்போது அத்தை ஒரு மஞ்சள் பையில் ஹெட்போனைப் போட்டு என் கையில் திணித்தாள்.

"இது எதுக்கு அத்தே?"

"பாம்பு கடிச்சா அடிச்ச பாம்பயும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதில்ல? டாக்டர் கேட்டா காட்டு."

பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். ஆலப்பாக்கத்தில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். புதுச்சத்திரத்தில் வெள்ளரிப் பிஞ்சு. பி.முட்லூரில் கேட்காமலேயே கமர்கட். ஒரு காதுக்கே இவ்வளவென்றால் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அப்பா ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது என் தலையில் கையை வைத்தவர், சிதம்பரம் வரைக்கும் எடுக்கவில்லை.

டாக்டர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "அட, நீயாய்யா! டேப்பு கால் நூலு ஜாஸ்தி ஓடுதுன்னு என் கேசட்ட திருப்பி வாங்கிட்டுப் போய்ப் பதிஞ்சு குடுத்தவனாச்சே!" அப்பா சிரிக்கவில்லை. "பையன அடிச்சிட்டேன் சார்" என்றார்.

டாக்டர் என் காதுப் பஞ்சை எடுத்ததும் அத்தையின் பூண்டு வாசனை அறை முழுக்கப் பரவியது. "தாளிச்சு அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். பிறகு என்னைப் பரிசோதனைப் பெட்டிக்குள் அனுப்பினார். பழைய எஸ்.டி.டி. பூத் மாதிரி ஒன்று. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு, ஒரு ஸ்டூல், முன்னால் கண்ணாடி. வெளியே மிஷினின் முன்னால் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருந்தாள். "சின்னச் சத்தம் கேட்டாக்கூட கையத் தூக்கணும், சரியா?" என்று சொல்லி என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டினாள்.

பரீட்சை! தோற்றுப்போனால் செவிடு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பரீட்சை என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கண்ணாடி வழியாகச் சிஸ்டரைக் கவனித்தேன். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருந்த வளையல் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. வளையல் இறங்கினால் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், எனக்குச் சத்தம் கேட்கவும் செய்கிறது என்பதே புரிந்தது. இரண்டு காதிலும் கேட்டது. கேட்டுக்கொண்டே காப்பி அடித்தேன். கேட்பதைவிட வளையலின்மேல்தான் எனக்கு நம்பிக்கை.

வெளியே வந்ததும் டாக்டர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, இசைக்கவை ஒன்றைத் தட்டி இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தார். "ரெண்டு காதும் தங்கமாட்டம் இருக்கு. எவன்டா உனக்குக் கேக்கலன்னு சொன்னான்?"

நான் மஞ்சள் பையிலிருந்து பாம்பை எடுத்துக் காட்டினேன். சிஸ்டர் அதன் தடிப்பின்னைத் தன் மிஷினில் செருகித் தலையில் மாட்டிக்கொண்டாள். பட்டனை அழுத்தினாள். "லெஃப்ட்டு செத்துப்போயிருக்கு சார். வயர் உள்ளாற கட் ஆயிருக்கும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிஸ்டர் சிரித்தாள். நான் குதித்தேன். கடைசி பெஞ்சு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இல்ல சார்" என்றார். "நேத்து நான் கேட்டேன். ரெண்டு பக்கமும் பாடுச்சு."

"மாட்டிப் பாரு."

அப்பா வாங்கி மாட்டினார். சிஸ்டர் பட்டனை அழுத்தினாள். "எப்பவும் போலத்தான் கேக்குது" என்றார் அப்பா. அறையில் சிரிப்பு நின்றது. டாக்டர் அந்த ஹெட்போனை அவர் தலையிலிருந்து மெதுவாகக் கழற்றினார்.

"நீ கொஞ்சம் உள்ள போய் ஒக்காருய்யா."

இப்போது நான் வெளியே, அப்பா பெட்டிக்குள். அவர் சிஸ்டரைப் பார்க்கவில்லை. ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலின்மேல் வலது கையைத் தயாராக வைத்திருந்தார். வலது காதுக்குக் கை எழுந்தது, சில சமயம் எழவில்லை. அடுத்தது இடது காது. வளையல் இறங்கியது. கை எழவில்லை. சிஸ்டர் ஒரு குமிழைத் திருகிக்கொண்டே அழுத்தினாள், அழுத்தினாள். இடது காதுக்கு ஆரம்பித்தாகிவிட்டது என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணாடியைத் தட்டி 'தூக்குப்பா' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அப்பா ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். கம்ப்ரசர். பத்து வருஷம். ஆமாம், மிஷினுக்கு இடப்பக்கத்தைக் காட்டித்தான் நிற்பது வழக்கம். டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். "மிஷின் சத்தத்துல போனது போச்சு. வலது காதையாவது காப்பாத்திக்க. இதக் குடுத்து வேற செக்‌ஷன் கேளு."

"காண்ட்ராக்ட்டுங்க சார்" என்றார் அப்பா. "மார்ச்சுல மெடிக்கல் வேற இருக்கு. இதே மாதிரி பொட்டிலதான் ஒக்கார வெப்பாங்க. போன தபா காதுல அழுக்கு அடைச்சிருக்குன்னு சொல்லித் தள்ளிப் போட்டாங்க." அப்பா கடிதத்தை நான்காக மடித்து உள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

வீதிக்கு வந்ததும் அப்பா நின்றார். "சனிக்கெழம நான் கூப்ட்டப்ப நீ பதில் சொன்னியாடா?"

"மூணு தடவ சொன்னேம்பா."

"மூணு தடவையா?"

"மூணாவது தடவ கத்தினேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஓட்டலுக்குக் கூட்டிப்போய் எனக்கு இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். "ஹெட்போனு கெட்டுப்போச்சுன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லு. மத்தது வேணாம்." எதற்கு என்று நான் கேட்கவில்லை. வழக்கில் ஜெயித்தவன் நான், எதிர்த்தரப்பின் மானத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. இன்னும் ஒரு செட் இட்லி கேட்டேன். கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த என்னைக் கிளப்பித் தன் வலப்பக்கத்துக்கு மாற்றி உட்காரவைத்தார். ஜன்னல் போனதில் எனக்கு வருத்தம். அந்த வருத்தத்தை மறக்க, பரீட்சையில் நான் செய்த சாகசத்தை அளந்துவிட்டேன். வளையல் கதையைச் சொல்லும்போதே ஒரு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அப்பா என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வளையலா?"

"ஆமாம்பா. அழுத்தும்போதெல்லாம் எறங்கும்."

"ஆம்பள ஆளா இருந்தா வளையல் இருக்காதே?"

"அப்ப தோளப் பாக்கணும். அழுத்தினா தோளு லேசா ஆடும். அதுவும் தெரியலன்னா கண்ணு. கண்ணு குமிழுக்குப் போய்ட்டு நம்மகிட்ட வரும்."

"எல்லாத்துக்கும் தூக்கினா சந்தேகம் வராது?"

நல்ல கேள்வி. ஒன்பது வருஷப் பள்ளி வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த அருமையான நுணுக்கத்தை அவரே தொட்டுவிட்டார். "நடுவுல ரெண்டு, மூணு வுட்டுடணும்பா. நூத்துக்கு நூறு வாங்கினா மாட்டிக்குவோம். எழுபது போதும்."

அப்பா முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆலப்பாக்கம் வந்ததும் மூன்றாவது தடவையும் கேட்டார். என் பேச்சை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கணக்கில் நான் வாங்கும் முப்பத்தைந்துக்குக் கிடைக்காத மரியாதை காப்பிக்குக் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச்சில் ஒருநாள் அப்பா அரைக் கிலோ ஜாங்கிரியோடு வந்தார். "இன்னாடா விசேஷம்?" என்று அத்தை கேட்டாள். "மெடிக்கல்ல ஃபிட்டுன்னு போட்டுட்டாங்க" என்றார். பொட்டலத்தை அம்மாவிடம் கொடுக்காமல் நேரே என்னிடம் கொடுத்தார். "சாப்டு வாத்தியாரே."

அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் அவரை வேறு செக்‌ஷனுக்கு அனுப்பியிருப்பார்களா, கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பார்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. எப்படியானாலும் அந்த மிஷின் பக்கத்தில் அதற்குப் பிறகு எட்டு வருஷம் நின்றிருக்க மாட்டார். 2012இல் அவர் வேலையை விட்டு வந்தபோது, வீட்டில் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் எதிரே போய் நின்று, வாயை நன்றாக அசைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஜாங்கிரி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்த முதல் ஜாங்கிரிக்கு மறுநாள் காலையில் நான் உலகத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளை. அப்பா டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிக் கிளம்பினார். "அடுத்த வருஷத்துக்கு இத விட சூப்பர் ஐடியா இருக்குப்பா!" என்று வாசலில் நின்று கத்தினேன். அப்பா முன்னால் பார்த்தபடியே தலையை ஆட்டிக்கொண்டு போனார். கேட்டுவிட்டுத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்தேன்.